முகாமில் வண்ணப்பெட்டி: எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது

கேள்வி: மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். பட்டப்படிப்பு முடித்து, முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்பும் நடத்துகிறேன். எட்டு முதல் பதின்மூன்று வயது வரை 12 பிள்ளைகள், கூடவே 7 பெண்கள். 2022-இல் படகில் வந்த குடும்பங்களும் இதில் உண்டு. போன மாதம் வெளியிலிருந்து வந்த மாணவர் குழு ஒன்று எல்லோருக்கும் பெரிய வெள்ளைத் தாள் கொடுத்து, "உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத நாளை வரையுங்கள்" என்றது. முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கிவிட்டார். எழுந்து போனவர் பிறகு வரவே இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் வாராவாரம் ஹெலிகாப்டர் வரைந்து, அதைக் கறுப்பால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே கிழிக்கிறான். இதற்கிடையில், ஜூன் 20 அகதிகள் நாளுக்கு இந்தப் படங்களையெல்லாம் கண்காட்சியாக வைக்கலாமா என்று எங்களுக்கு உதவி செய்யும் ஒருவர் கேட்கிறார். அந்த அம்மாவை எப்படித் திரும்ப அழைப்பது? பையனை என்ன செய்வது? எதையெல்லாம் கொடுத்து என்ன வரையச் சொல்லலாம்?

(அம்மாவையும் பையனையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த அம்மா. ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போனதும் வகுப்புப் பேச்சை எடுக்காதீர்கள். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போகட்டும். பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "அண்டைக்கு அப்பிடிக் கேட்டது பிழை, அன்ரி. இனி அங்க ஆரும் அப்பிடிக் கேக்கமாட்டினம்." நாலு பேர் முன்னால் உடைந்துபோனதை அவர் தன்னுடைய குறையாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். பிழை கேள்வியில்தான் இருந்தது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரும்பி வருவதானால் வரைய வேண்டும் என்பதில்லை. ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள், கதவுக்குப் பக்கத்தில் இடம் போடுங்கள். நாலைந்து வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாலும் சரிதான்.

அன்றைக்கு நடந்தது என்ன? சாதாரண நினைவுக்கு ஒரு தேதி உண்டு. "அது அப்போது நடந்தது, முடிந்தது" என்று மனம் அதை ஒதுக்கி வைக்கும். மனவடுவாகப் பதிந்த நினைவு அப்படி ஒதுங்கியிருப்பதில்லை. வாடையாக, சத்தமாக, நெஞ்சு படபடப்பாக, இப்போதே நடப்பதுபோல எழுந்து வரும். அது சொற்களைவிடக் காட்சியாகவே அதிகம் தங்கியிருப்பதால், வாய் போய்ச் சேராத இடத்துக்குக் கை சட்டென்று போய்விடுகிறது. கலை உதவுவதும் இதனால்தான், காயப்படுத்துவதும் இதனால்தான். அந்த மாணவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஆனால் முகம் தெரியாதவர்கள், ஓரமில்லாத பெரிய தாள், வாழ்வின் மிக மோசமான நாளை நோக்கிக் கைகாட்டும் கேள்வி, நடுவில் எழுந்து போக வழியில்லாத வட்டம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் சேர்த்துவிட்டார்கள்.

மனவடு பற்றி எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கம் கொள்வது, பிறகு மறுபடி மனிதர்களோடும் வாழ்க்கையோடும் சேர்வது. உங்கள் ஞாயிறு வகுப்பின் வேலை முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும்தான். நடுவில் இருப்பதற்குப் பயிற்சி பெற்ற ஆள், மூடிய அறை, வாராவாரம் அதே முகம், அவசரத்துக்கு மருத்துவர் எல்லாம் வேண்டும். யாராவது தானாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள்.

தோண்டாமல் என்ன பயன் என்று கேட்பார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரேசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், 1942 இறுதியிலிருந்து 1944 இலையுதிர்காலம் வரை பிள்ளைகளுக்கு ஒளித்து ஒளித்து வகுப்பு எடுத்தார். முகாமை வரையச் சொல்லி அவர் கேட்கவில்லை. பூச்சாடி வரைவது, கோடுகளின் தாளம், பயன்படுத்திய அலுவலகத் தாள்களைக் கிழித்து ஒட்டுவது போன்றவைதான் அவர் கொடுத்த பயிற்சிகள். ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுத வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடியாக இருந்தார். அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். மிஞ்சிய பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த கலைஞர் போல் ஹோகனும் 1996-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினார்கள். களிமண், வண்ணம், கதை, செடி, விலங்குகள். வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில், அதே இடம். அந்த "அதே இடம், அதே நாள்" என்பதில் பாதி மருந்து இருக்கிறது.

ஆகவே உங்கள் வகுப்பின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிரியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை தாளைப் பார்ப்பதைவிட அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இருந்தால் அம்மாக்கள் தங்களை அடக்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குக் காலை, பெண்களுக்குப் பிற்பகல். ஒரு வேளைக்கு 75 நிமிடம், 12 பேருக்கு மேல் வேண்டாம். உங்களோடு இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும்: ஒருவர் எழுந்து வெளியே போனால் கூடப் போக ஓர் ஆள், உள்ளே இருப்பவர்களுக்கு ஓர் ஆள். பாய்களைச் சுவரோரமாகப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் பலருக்குக் கை ஓடாது. கதவு திறந்தே இருக்கட்டும், ஆனால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் கூடாது. யாரும் எந்த நேரமும் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் சொல்லுங்கள். முதல் நாள் சொல்லிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள்.

நேரப் பங்கீடு இப்படி இருந்தால் நன்றாக ஓடும்: வந்து உட்கார்ந்து சாமான்களை எடுத்துக்கொள்ள 10 நிமிடம், கையை இளக்கும் சின்ன வேலைக்கு 10, செய்வதற்கு 35, பார்ப்பதற்கு 10, முடிப்பதற்கு 10. முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அறிவித்துவிடுங்கள். "நேரம் முடிஞ்சு போச்சு, எழும்புங்கோ" என்ற திடீர்க் குரல் வேண்டாம். அள்ளி முடிந்துகொண்டு கிளம்பிய வாழ்க்கை இவர்களுடையது. முடிப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்: சாமான்களை எண்ணி வைப்பது, கை கழுவுவது, தேத்தண்ணி. தீபாவளி வாரத்திலும் கோயில் திருவிழா வாரத்திலும் பட்டாசு வெடிக்கும் என்பதால் அந்த ஞாயிறுகளில் ஊசி வேலையோ ஓலை வேலையோ வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் ஆள் சரிபார்ப்பு இருக்கும் நாள்களைத் தவிருங்கள். மனம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

இனி சாமான்கள். கலைவழிச் சிகிச்சையில் எளிய ஒரு கணக்கு உண்டு. உலர்ந்த, கெட்டியான பொருள் கைக்கு அடங்கும். ஈரமும் குழைவும் கூடக் கூட, உணர்ச்சியும் கரை மீறும். பென்சில், கலர் பென்சில், ஒட்டுப்படம் ஆகியவை அடங்கும் பக்கம். ஆயில் பேஸ்டல் நடுவில். நீர் வண்ணம், விரலால் பூசும் வண்ணம், ஈரக் களிமண் எல்லாம் மீறும் பக்கம். முதல் நான்கு வாரம் அடங்கும் பக்கத்திலேயே இருங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து பேஸ்டல். தூரிகையும் தண்ணீரும் எட்டாவது வாரத்துக்குப் பிறகு போதும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கு மறுபடி பென்சிலிலிருந்து தொடங்க வேண்டும்.

தாள் சிறியதாக இருக்கட்டும். ஏ4 அளவில் பாதியே தொடக்கத்துக்குப் போதும். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள், அல்லது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு கட்டம். எல்லை இருந்தால் உள்ளே துணிவு வரும். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், நாலு தேய்ப்பில் கிழிந்துவிடும். கடையில் 150 ஜிஎஸ்எம் ட்ராயிங் தாள் என்று கேட்டு வாங்குங்கள். 12 பிள்ளைகளுக்கு 25 நிற ஆயில் பேஸ்டல் பெட்டி ஆறு, அதாவது இரண்டு பேருக்கு ஒன்று. கறுப்பும் வெள்ளையும்தான் முதலில் தீரும், அவற்றை மட்டும் உதிரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறம் இரண்டு மூன்று சாயலில் வேண்டும். பெட்டியில் "தோல் கலர்" என்று பிள்ளைகள் எடுப்பது வெளிர் ரோஜா நிறம். அந்தத் தோல் முகாமில் யாருக்கும் கிடையாது. சிவப்பை ரத்தம் என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். செம்பருத்திக்கும் அதே சிவப்புதான் வேண்டும், இல்லாத நிறத்தைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெரியவர்களுக்கு "ஓவியம்" என்ற சொல்லே தடை. "எனக்குக் கீறத் தெரியாது" என்பதோடு முடிந்துவிடும். அவர்களுடைய கைக்கு ஏற்கனவே தெரிந்த வேலையிலிருந்து தொடங்குங்கள். பனையோலை கிடைக்கிற மாவட்டம் உங்களுடையது. குட்டான், நீத்துப்பெட்டி, கடகம் இழைக்கத் தெரிந்த ஒருவராவது அந்த ஏழு பேரில் இருப்பார், அவரை ஆசிரியராக்குங்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து வார்ந்து, இழைப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்தபடியே மடித்தால் முறியும், ஊறிப்போனால் பின்னல் காய்ந்த பிறகு தளரும். இரண்டு கைகளும் மாறி மாறி ஒரே சீராக இயங்கும் இந்த வேலையில் மூச்சும் சீராகும். பேச்சு வந்தால் வரும், வராவிட்டாலும் கையில் ஒரு பெட்டி இருக்கும். புள்ளிக் கோலமும் நல்ல தொடக்கம்தான், புள்ளியே எல்லையாக நிற்கும். ஆனால் வன்னியிலும் மன்னாரிலும் தமிழ்நாட்டைப்போல அன்றாடம் கோலம் போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

துணி வேலை பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய சேலைத் துண்டுகளை வெட்டித் தைக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும், செலவில்லாதது. ஆனால் 2009-இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களில் பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, மண்மூட்டை வேண்டி, குடும்பங்கள் தங்கள் சேலைகளை, கூறைச் சேலை உட்பட, கிழித்துப் பைகளாகத் தைத்தன. அங்கிருந்து வந்த ஒருவருக்குச் சேலையைக் கிழிக்கும் சத்தம் வெறும் சத்தமாக இருக்காது. ஆகவே வெட்டிய துண்டுகளை நீங்களே வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், வகுப்பில் கிழிக்க வேண்டாம். சேலைக்குப் பதில் தையல் கடையில் மிஞ்சும் சுடிதார், சட்டைத் துணி இருந்தால் இன்னும் நல்லது. அடியில் எட்டு அங்குலச் சதுரமாகக் காடாத் துணி, ஒருவருக்கு ஒன்று. ஊசி எட்டு கொடுத்தால் எட்டும் திரும்ப வர வேண்டும், கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் யாருக்கு உள்ளே ஓடுகிறது என்பது வெளியே தெரியாது.

களிமண்ணும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அதைப்போலப் பிடித்த பொருள் வேறில்லை. ஆனால் பங்கரில் மழைச் சேற்றோடு கிடந்த ஒரு பெரியவருக்கு, கையில் ஒட்டும் ஈர மண் வேறொன்றைக் கொண்டுவரலாம். பெண்கள் வகுப்பில் களிமண் வேண்டாம், யாராவது தானாகக் கேட்டால் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைக் கிலோ, 12 பேருக்கு 6 கிலோ, உடைந்தால் மாற்ற 1 கிலோ. பானை செய்பவர்களிடம் பிசைந்த மண்ணாகவே வாங்குங்கள். பதம் பார்க்க, விரல் தடிமனில் திரித்து விரலைச் சுற்றுங்கள். வெடித்தால் தண்ணீர் போதவில்லை, உள்ளங்கையில் ஒட்டினால் சாக்கில் பரப்பி அரை மணி நேரம் உலரவிட வேண்டும். செய்த பொருள் கட்டை விரலைவிடத் தடிமனாக இருந்தால் உள்ளே குடைந்துவிடுங்கள். நிழலில் ஐந்தாறு நாள் காயட்டும், வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து பிளக்கும். "காயும்போது சிலது வெடிக்கும், வெடிச்சா ஒட்டுவம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டை இழந்த பிள்ளை செய்த மண்வீடு இரண்டாக உடைந்து கிடப்பது சின்ன விஷயம் அல்ல. ஒட்டுவதற்குக் குழைத்த மண்ணும் கொஞ்சம் பசையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து அந்தப் பையன். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஹெலிகாப்டரைக் கண்டதும் போர் என்று முடிவு கட்டாதீர்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது, உங்கள் கூரைக்கு மேலேயே ஹெலி பறக்கிறது. மண்டபத்துப் பையன் ஹெலிகாப்டர் வரைவது மதுரைப் பையன் பேருந்து வரைவதைப் போலவும் இருக்கலாம். 2022-க்குப் பிறகு வந்த குடும்பமென்றால் இன்னொன்றையும் யோசிக்கலாம். இராத்திரிக் கடல், படகுக்காரர் இறக்கிவிட்டுப்போன மணல்திட்டு, அங்கிருந்து மீட்க வந்த கடலோரக் காவல்படை ஊர்தியின் இரைச்சல் எல்லாம் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் மனதில் ஒன்றாகக் கலந்திருக்கும். அல்லது, மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் உடல் விறைப்பதை அவன் கவனித்திருக்கலாம். பெரியவர்கள் சொல்லாத கதை பிள்ளைகளுக்கு இப்படித்தான் போய்ச் சேர்கிறது. எது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கறுப்பு துக்கத்தின் நிறம் என்பதெல்லாம் சோதிடம். ஆயில் பேஸ்டலில் நன்றாக அப்பி மூடுவது கறுப்புதான், அதனால்கூட எடுத்திருப்பான்.

ஹெலி எதைக் குறிக்கிறது என்பதைவிட, படம் வாரத்துக்கு வாரம் நகர்கிறதா, ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தேதி போட்டு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஹெலியின் இடம் மாறுகிறது, பக்கத்தில் ஓர் ஆள் வந்திருக்கிறான், கிழிப்பது குறைந்திருக்கிறது என்றால் அவன் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறான், குறுக்கே போகாதீர்கள். எட்டு வாரமும் அச்சடித்ததுபோல ஒரே படம், முடித்த பிறகு தெம்புக்குப் பதில் எரிச்சல் என்றால் சிக்கி நிற்கிறான். அப்போதும் "ஏன் கறுப்பு?" என்று கேட்காதீர்கள். முதலில் தாளை மாற்றுங்கள்: தடித்த அட்டை, அதன் நான்கு ஓரமும் தரையோடு டேப் போட்டு ஒட்டியது. எவ்வளவு தேய்த்தாலும் கிழியாத ஒரு பரப்பு கைக்குக் கிடைப்பதே அவனுக்கு ஒரு செய்தி. பிறகு அந்தத் தாளின் பக்கத்தில் இன்னொரு வெற்றுத் தாளை ஒட்டி, "தம்பி, இந்த ஹெலி இனி எங்க போகும்?" என்று கேளுங்கள். படத்துக்குள் நின்றபடி கேட்கும் கேள்வி அது, அவனை அது தொடாது. பதில் வராவிட்டால் விட்டுவிட்டு, தாளை அப்படியே அடுத்த வாரமும் ஒட்டி வையுங்கள். ஒரு நாள் ஹெலி இறங்கும். கிழித்த தாள்களைத் திட்டிக் குப்பையில் போடாமல் அவனுடைய உறையிலேயே வைத்துவிடுங்கள்.

பொதுவாகவே படங்களைப் பார்க்கும் பத்து நிமிடத்தில் வாயைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். விளக்கம் சொல்லாதீர்கள். "அழகா இருக்கு" என்பதையும் குறையுங்கள். ஒரு படத்தை அழகு என்றால் அடுத்த வாரம் 12 பேரும் அதையே போடுவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை என்ற படம் உங்களுக்கும் வந்திருக்குமே? மண்டபத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். கைக்குத் தெரிந்த, ஆபத்தில்லாத இடம் அது. அங்கே நின்று இளைப்பாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: "இந்த மூலையில நிறையக் கோடு இருக்கு", "நீலத்துக்கு மேல மஞ்சள் போட்டிருக்கிறீங்கள்". பிறகு, "சொல்ல விருப்பமா, இல்லாட்டி அடுத்தாளுக்குப் போவமா?" அவ்வளவு போதும்.

அப்படியும் ஒருவருக்கு நடுக்கம் வந்தால் என்ன செய்வது? உறைந்த பார்வை, மூச்சு மேலே மேலே வாங்குவது, கூப்பிட்டால் கேட்காதது ஆகியவை அடையாளங்கள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். எதிர்பாராத தொடுகை அந்த நேரத்தில் தாக்குதலாகப்படும். அவருடைய கண் மட்டத்துக்கு, சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "அன்ரி, இது மண்டபம். இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் பக்கத்தில இருக்கிறன். காலைத் தரையில வச்சு அமத்துங்கோ." தாளைக் கவிழ்த்து வைக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கவிழுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுத்து அதன் குளிர்ச்சியைப் பற்றிக் கேளுங்கள். அறையில் பச்சையாக இருக்கும் ஐந்து பொருளைத் தேடச் சொல்லுங்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டும். "அழாதேங்கோ" என்றும் "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றும் சொல்ல வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிறவருக்கு எதுவும் முடியவில்லை. தெளிந்த பிறகு என்ன நினைவு வந்தது என்று விசாரிக்காமல் வீடுவரை கூடப் போய்விட்டு, மறுநாள் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

மூன்று மாதம் நிதானமாக ஓடிய பிறகு பெரிய வேலை ஒன்று வைக்கலாம் என்றால் "வாழ்க்கை மரம்" பொருத்தமானது. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் என்கசெலோ என்கூபேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக உருவாக்கியது. வேர் என்பது வந்த ஊர், குடும்பம், கேட்ட பாட்டு. நிலம் இன்றைய அன்றாடம். அடிமரம் கைத்திறன், கிளை ஆசை, இலை முக்கியமான மனிதர்கள், பழம் பிறர் தந்தவை. எல்லா மரத்தையும் ஒரே சுவரில் ஒட்டினால் காடு. புயலைப் பற்றிய பேச்சு காடு முழுதாக நின்ற பிறகுதான், அதுவும் "புயலில் மிருகங்கள் என்ன செய்யும்?" என்று சுற்றி வளைத்துத்தான். மூன்று ஞாயிறாகப் பிரித்துச் செய்யுங்கள். நம்மூர்ப் பற்றில் பனையை வரையச் சொல்லிவிடாதீர்கள், அதற்குக் கிளை கிடையாது. வேம்போ மாவோ இருக்கட்டும். இலை எழுதும்போது மட்டும் கவனம் தேவை. காணாமல் ஆக்கப்பட்டவரின் இலையைப் பச்சையாகப் போடுவதா, பழுத்ததாகப் போடுவதா, உதிர்ந்ததாகப் போடுவதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. நிறத்தை அவரே முடிவு செய்யட்டும், நிறமே இல்லாமல் விட்டாலும் விடட்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது. தரையில் ஒரு கயிற்றை நீட்டி, நல்ல நாளுக்குப் பூவும் கெட்ட நாளுக்குக் கல்லும் வைக்கச் சொல்லும் முறையை எங்காவது பார்த்திருப்பீர்கள். பார்க்கக் கைவேலை மாதிரி இருக்கும். ஆனால் அது ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தவர் உருவாக்கிய விவரிப்புச் சிகிச்சையின் முதல் படி. 2004 கடற்கோளுக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் பிள்ளைகளுக்கும் அது தரப்பட்டது. கல்லை வைத்த பிறகு ஒவ்வொரு கல்லையும் பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்து முழுதாகப் பேசி முடிக்க வேண்டும். கல்லை வைக்கச் சொல்லிவிட்டு வகுப்பு முடிந்தது என்று அனுப்புவது காயத்தைத் திறந்துவிட்டுக் கட்டுப் போடாமல் அனுப்புவதுதான்.

கண்காட்சிக்கு என் பதில்: இந்தப் படங்களை வைக்க வேண்டாம். பார்க்கப்படும் என்று தெரியாமல் வரைந்தவை அவை. மேலும், ஒரு பிள்ளையின் தாளில் கொடியோ, புலியோ, துப்பாக்கியோ இருந்து அது சுவரில் தொங்கினால், வீட்டுக்காரர்கள் யார் யாருக்குப் பதில் சொல்ல நேரும் என்பது முகாமில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் கண்காட்சிதான். ஆளுக்கொரு உறை, எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில், பூட்டோடு. வீட்டுக்கு எடுத்துப்போவதும் கிழித்துப்போடுவதும் வரைந்தவர் விருப்பம்.

உதவுகிறவர் வருத்தப்படுவாரே என்றால், காட்டுவதற்கென்றே ஒன்றைச் செய்யுங்கள். முகாம் ஆண்களில் பலர் வெளியே பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். நிறம் கலக்கவும் சுவரைத் தேய்த்துப் பட்டி போடவும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இதுவரை உங்கள் கடிதத்தில் ஆண்களே வரவில்லை என்பதையும் கவனித்தேன். "உங்கட மனசில என்ன இருக்கு" என்று கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார், சுவர் இருக்கிறது என்று கூப்பிட்டால் வருவார்கள். அனுமதி வாங்கி ஒரு சுவரில் பெண்களின் ஓலைப்பின்னல் வடிவங்களைப் பெரிதாக்கி வரையலாம். எமல்ஷன் மட்டும்; எனாமலும் தின்னரும் மூடிய கூடத்தில் தலைவலியைத்தான் தரும். ஓலைப் பெட்டிகளையும் தைத்த துணிகளையும் வைக்கலாம், விற்றால் பணம் செய்தவருக்கு. சிலியில் 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் மாவுச் சாக்கின் மேல் துணித்துண்டுகளைத் தைத்து, நடந்ததைச் சொன்னார்கள். தேவாலயத்தின் வழியாக அவை வெளிநாடுகளுக்குப் போய் விற்றன. அடுப்பெரியவும் அது உதவியது, உலகத்துக்குச் சாட்சியாகவும் நின்றது. ஆனால் எதைத் தைப்பது, எதைக் காட்டுவது என்பது செய்பவரின் முடிவாக இருக்க வேண்டும். உங்களிடமும் ஒருவர், "என்ர படத்தை வையுங்கோ" என்று தானாகக் கேட்டால், ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு வையுங்கள். பிள்ளையென்றால் பிள்ளையும் பெற்றவரும் இருவரும் சம்மதிக்க வேண்டும். பெயர் போடுவதா என்பது தனிக் கேள்வி.

கடைசியாக, உங்கள் கையை மீறியவை. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தூக்கமில்லாமை, பிள்ளைக்கு நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, பள்ளிக்குப் போக மறுப்பது, குடி, "இருந்து என்ன" என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வகுப்பு போதாது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரின் நாள்களை அங்கேயே சொல்வார்கள். முதல் தடவை கூடப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விட்டுவிட்டு எண்ணைத் தேடாதீர்கள், பக்கத்தில் இருந்தபடியே அழையுங்கள்.

அந்த எண் உங்களுக்கும்தான். ஞாயிறு மாலை டிரங்குப் பெட்டியைப் பூட்டிய பிறகு, கூட இருந்தவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து அன்றைக்கு எது கனத்தது என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.